சிவகங்கைப் பேச்சு

பிற்பகல் மூன்று பத்துக்கு அய்யாக்கண்ணு வெங்காய மூட்டையை அவிழ்ப்பார். மதியக் கூட்டம் கலைந்து, மாலை அடுப்பு மூட்டுவதற்கு முன் கிடைக்கும் ஓய்வு நேரம் அது. ஓய்வு என்றால் உட்கார்ந்து செய்கிற வேலை. நாசி கண்டார் என்கிற கறிச்சோற்றுக் கடையின் பின்சந்தில் முக்காலியைப் போட்டு, எதிரே கவிழ்த்த வாளிமேல் கைப்பேசியைச் சாய்த்து வைப்பார். இரண்டு கையும் வெங்காயத்தில் இருப்பதால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். சிவகங்கைப் பக்கம் அப்போது மணி பன்னிரண்டு நாற்பது. அவர் மனைவி மீனாட்சி உலை வைத்திருப்பாள்.

கிஷன் அந்த நேரத்தைத் தெரிந்து வைத்துக்கொண்டான். பின்வாசலை ஒட்டிய கடைசி மேசையில் உட்கார்ந்து ஒரு தே ஓ, பாலில்லாத தேநீர், சொல்வான். சந்தில் பேசுவது அங்கே தெளிவாகக் கேட்கும். மேசையில் விரித்த செய்தித்தாளுக்கு அடியில் அவனுடைய கைப்பேசி பதிவு செய்துகொண்டிருக்கும்.

அவரிடம் அனுமதி கேட்டுவிட்டுச் செய்ய வேண்டிய காரியம். முதலில் கேட்கத்தான் செய்தான்.

கிஷனுக்குத் தொழில் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில், இரவு ஷிப்டு. நடிப்பு ஆசை. போன தீபாவளிக்கு ஒரு தொலைக்காட்சி நாடகத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்த முடிதிருத்துபவனாக நடித்தான். அந்தப் பேச்சைப் படங்களைப் பார்த்துப் பழகியிருந்தான். நாடகம் முடிவதற்குள் முகநூலில் ஆரம்பித்துவிட்டார்கள். இந்த ஆள் பக்கத்திலிருக்கும் பட்டர்வொர்த்தைத் தாண்டியிருக்க மாட்டார் என்று ஒருவர் எழுதினார். ஊரிலிருந்து வந்தவன் மாதிரி பேசச் சொன்னால் சினிமாவிலிருந்து வந்தவன் மாதிரி பேசுகிறான் என்று இன்னொருவர். தொழிற்சாலைக் கேண்டீனில் அவன் வசனத்தை அவனிடமே பேசிக் காட்டினார்கள். இரண்டு வாரம் அவன் மாடிப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டான்.

அதனால்தான் இயக்குநர் புவனேஸ்வரன் மறுபடியும் கூப்பிட்டு, மறுபடியும் இந்தியாவிலிருந்து வந்தவன் வேடம் என்றபோது அவனால் நம்ப முடியவில்லை. சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிற ஒருவன். ஒரு மணி நேர நாடகம். நடுவில் ஊரிலிருக்கும் மனைவியோடு அவன் தொலைபேசியில் பேசுகிற ஏழு நிமிடம்தான் அதன் உயிர். புவனேஸ்வரன் ஒன்றை மட்டும் சொல்லி அனுப்பினார்.

"முன்ன மாதிரி இல்ல லா. இப்ப நம்ம கடையிலெல்லாம் அங்கேருந்து வந்தவங்கதான் நிக்கிறாங்க. ஜனங்க தினம் அந்தப் பேச்சைக் கேட்டுக்கிட்டுத்தான் பசியாறுறாங்க. ஏமாத்த முடியாது."

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையை ஒட்டிய ஷேக் அலாவுதீன் பாயின் கடையில் கிஷன் ஏழெட்டு வருடமாகச் சாப்பிடுகிறான். அய்யாக்கண்ணுவை அங்கே நான்கு வருடமாகத் தெரியும். விஷயத்தைச் சொன்னதும் அவர் சந்தோஷப்பட்டார். முகம் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு வந்து மேசையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கைப்பேசியைப் பார்த்து, "எங்கள் ஊர் சிவகங்கை மாவட்டத்தில் உள்ளது. முக்கியத் தொழில் விவசாயம் ஆகும்" என்றார்.

கல்லாவிலிருந்து ஷேக் அலாவுதீன் எட்டிப் பார்த்தார்.

"அய்யாக்கண்ணு, நீ எப்பப்பா கலெக்டர் ஆனே?"

அய்யாக்கண்ணு சிரித்தார். மறுபடியும் விட்ட இடத்திலிருந்து, கிணற்றுப் பாசனம், கண்மாய்ப் பாசனம் என்று தொடர்ந்தார். மூன்று நாள் முயன்றும் இதேதான். எதிரே பதிவு ஓடுகிறது என்று தெரிந்தால் அவர் பள்ளிக்கூட மேடைக்குப் போய்விடுவார். தெரியாதபோது சந்தில் உட்கார்ந்து மனைவியிடம் பேசுவதோ வேறு பேச்சாக இருந்தது. நான்காம் நாள் கிஷன் செய்தித்தாளை விரித்தான்.

பதினொரு நாள் பதிவு செய்தான். அவர்கள் பேசியதில் ஒன்றும் பெரிதாக இல்லை. தண்ணீர் வண்டி வராதது, கொழுந்தன் வீட்டு ஆடு செடியை மேய்ந்தது, ரேஷன் கடையில் கைரேகை விழாதது. மீனாட்சிக்கு உரத்த குரல். எதிலும் ஒரு குத்தல் வைத்துத்தான் பேசுவாள்.

"சாப்புட்டீகளா?"

"சாப்புட்டேன்."

"என்னா?"

"சோறுதேன்."

"இம்புட்டுப் பெரிய கறிக்கடையில சோறு மட்டுந்தேன் போடுறாகளாக்கும். மூக்க உறியிறது இங்கன வரைக்கும் கேக்குது."

"வெங்காயம்டி."

"நம்பிட்டேன்."

இந்த இடத்தில் அய்யாக்கண்ணு கொஞ்ச நேரம் பேசவில்லை. கத்தி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஆட்டைப் பற்றிக் கேட்டார்.

கிஷன் கவனித்தது அதைத்தான். போன வருடம் அவன் சொற்களைப் பிடித்திருந்தான். இப்போது பார்த்தால் சொல்லில் அவ்வளவாக எதுவும் இல்லை. அய்யாக்கண்ணு ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டுக் காத்திருப்பார். மீதியை அவள் முடிப்பாள். ஆமாம் என்பதற்கு அவர் வாயே திறப்பதில்லை, மூச்சை மெல்ல உள்ளே இழுப்பார். கோபம் வந்தால் குரல் ஏறாது, வேகம் குறையும். இதையெல்லாம் கிஷன் மோட்டாரில் போகும்போது ஹெல்மெட்டுக்குள் சொல்லிப் பார்த்தான். தொழிற்சாலையில் இயந்திரச் சத்தத்துக்கு நடுவில் சொல்லிப் பார்த்தான்.

டத்தோ கிராமாட்டில் அவனுடைய வீடு. ஒரு நாள் அறைக்குள் அவன் பழகிக்கொண்டிருந்தபோது மனைவி தனுஜா வெளியிலிருந்து வந்தவள், கதவருகே நின்றுவிட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, யார் வந்திருப்பது, தே கலக்கட்டுமா என்று கேட்டாள். கிஷன் கதவைத் திறந்தான். அவள் உள்ளே வேறு ஆள் இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். அவனும் சிரித்தான். ஒரு வருடத்தில் அவன் அப்படிச் சிரித்ததில்லை.

எப்படிப் பிடித்தாய் என்று கேட்டாள். சொன்னான்.

"அவருக்குத் தெரியுமா?"

"எடுத்து முடிச்சதும் சொல்லிடுறேன்."

"முடிச்சப்புறம் சொன்னா அது சொல்றது இல்ல லா. மாட்டிக்கிறது."

படப்பிடிப்பு இரண்டு நாள் நடந்தது. தொலைபேசிக் காட்சியில் மறுமுனைக்கு யாரும் இல்லை. உதவி இயக்குநர் ஒருவர் மனைவியின் வசனத்தைப் பக்கத்தில் நின்று படித்தார். வேண்டாம் என்று கிஷன் கேட்டுக்கொண்டான். படித்தால் அவனுக்குத் தடுக்கிறது. பிறகு அவன் தனியாகப் பேசினான். வசனம் புவனேஸ்வரன் எழுதியது. நிறுத்தியதும் காத்திருந்ததும் மீனாட்சியின் கணக்குப்படி. காட்சி முடிந்தும் புவனேஸ்வரன் கேமராவை நிறுத்தச் சொல்லவில்லை. வெகுநேரம் கழித்துச் சொன்னார். அருகில் வந்து, யாரோடு பேசினாய் என்று கேட்டார். யாரோடும் இல்லை என்றான் கிஷன்.

அது வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தான். போகவில்லை. அதற்கும் அடுத்த வாரம் புதன்கிழமை போனபோது சந்தில் வெங்காயத்தை வேறொருவர் உரித்துக்கொண்டிருந்தார்.

ஷேக் அலாவுதீன்தான் விவரம் சொன்னார். காய்ச்சல். முதல் நாள் மாத்திரை, இரண்டாம் நாள் ஆஸ்பத்திரி, மூன்றாம் நாள் மீனாட்சி இல்லை. அய்யாக்கண்ணுவின் பாஸ்போர்ட் வேலை பெர்மிட்டைப் புதுப்பிக்கப் போயிருந்தது. அவர் நடையாக நடந்து வாங்கிவர ஐந்து நாளானது. அதற்குள் அங்கே எல்லாம் முடிந்துவிட்டது. பதினாறாம் நாள் காரியத்துக்காவது இருக்கட்டும் என்று பாய்தான் டிக்கெட் எடுத்துக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். அய்யாக்கண்ணுவின் அழுகைச் சத்தம் வெளியே வரவில்லை என்றார். மாடியறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு இருந்தானாம்.

இருபது நாளில் அய்யாக்கண்ணு திரும்பி வந்தார். கிஷன் போய்ப் பார்த்தான். அவர் முக்காலியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கைப்பேசி சட்டைப் பையில் இருந்தது. மொட்டையடித்த தலையில் முள்முள்ளாக முடி வந்திருந்தது. தலைமாட்டில் உட்காரக்கூட இல்லை தம்பி என்றார். வேறு எதையோ சொல்வதுபோல ஊர்க் கதையைச் சொன்னார். மீனாட்சியின் படம் நான்கு இருக்கிறது. கண்ணீர் அஞ்சலிப் போஸ்டருக்கு ரேஷன் கார்டுப் படத்தைத்தான் கொடுத்தார்கள். அவள் கைப்பேசியைப் பூராவும் தேடிப் பார்த்தாராம். குரல் ஒன்றுகூட இல்லை. பேசி அனுப்பு, நேரம் கிடைக்கும்போது கேட்டுக்கொள்கிறேன் என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். கேட்டால்தானே.

"ஆளுகிட்டதேன் பேசுவேன், டப்பாகிட்ட பேச மாட்டேன்னுருவா."

கிஷன் எழுந்து வந்தான். மோட்டாரைக் கிளப்பினான். அவள் குரல் தன்னிடம் இருக்கிறது. பதினொரு நாள் இருக்கிறது. வீட்டுக்குப் போய் எடுத்து வந்து, காலில் விழுந்தாவது கொடுத்துவிடலாம். அவர் திட்டட்டும். அடிக்கட்டும்.

டத்தோ கிராமாட் சாலைச் சிவப்பு விளக்கில் நிற்கும்போது நினைவு வந்தது.

அவனுக்கு வேண்டியிருந்தது அய்யாக்கண்ணுவின் பேச்சு மட்டும். திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டால்தான் காதில் நிற்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் மீனாட்சியின் குரல் வந்ததும் அவன் பழகுவதை விட்டுவிட்டுக் கதை கேட்க ஆரம்பித்துவிடுவான். ஆடு கிடைத்ததா, கைரேகை விழுந்ததா என்று மனம் போய்விடும். அதனால் ஷிப்டு இடைவேளைகளில் உட்கார்ந்து அவள் பேசுகிற இடங்களை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தான். அந்த இடத்தில் அதே நேரத்துக்கு வெறும் மௌனத்தை விட்டான். நன்றாகச் செய்தான். கைப்பேசியில் இடம் போதவில்லை என்று முழுப் பதிவுகளை அழித்தான்.

வீட்டில் எல்லாவற்றையும் தேடினான். அழித்தவை போகும் இடம், பழைய மெமரி கார்டு, தனுஜாவின் மடிக்கணினி. எதிலும் இல்லை. வெட்டிய பதினொன்றும் இருந்தன. அவற்றில் அய்யாக்கண்ணு கேட்டார், காத்திருந்தார், மூச்சை இழுத்தார், மறுபடியும் கேட்டார்.

ஒன்பதாவது பதிவில் ஒரே ஒரு இடத்தில் இருவரும் சேர்ந்தாற்போல் பேசியிருந்தார்கள். அதைப் பிரிக்க முடியாமல் விட்டிருந்தான். அய்யாக்கண்ணு "இருடி" என்கிறார். அதற்கு அடியில் ஒரு பெண்குரல். என்ன சொல்கிறாள் என்று தெரியவில்லை. ஒரு நொடிகூட இல்லை.

தனுஜாவுக்குப் போட்டுக் காட்டினான். அவள் மறுபடியும் போடச் சொன்னாள். மூன்றாம் முறையும் கேட்டுவிட்டு, "கொண்டுபோய்க் கொடு" என்றாள்.

"இதையா?"

"பின்ன எதை? இதுதானே இருக்கு."

கிஷன் கொடுக்கவில்லை. இதைக் கொடுத்தால் மற்றது எங்கே என்று கேட்பார். பதிவு செய்த விஷயமே அவருக்குத் தெரியாது. தெரியாமலே இருந்துவிட்டால் இல்லாததைப் பற்றி அவருக்கு ஒரு துக்கம் குறையும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். அப்படியே இருக்க வேண்டுமென்றால் ஒன்று நடக்கக் கூடாது. நாடகத்தைப் பார்க்கும்போது அவர் தன் பேச்சை அதில் அடையாளம் காணக் கூடாது.

புவனேஸ்வரனைப் போய்ப் பார்த்தான். அந்த ஏழு நிமிடத்துக்கு மறுபடியும் குரல் கொடுக்கிறேன் என்றான். இன்னும் கொஞ்சம் பொதுவாக, எந்த ஊர் என்று தெரியாதபடி பேசுகிறேன் என்றான். புவனேஸ்வரன் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"போன வருஷம் மாதிரி பேசுறேங்கிறே."

"ஆமாண்ணே."

"உனக்கு என்னமோ ஆயிடுச்சு. போய்த் தூங்கு."

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் நாடகம் ஒளிபரப்பானது. கிஷன் பார்க்கவில்லை. துணி காயப்போடும் மாடத்தில் நின்றுகொண்டிருந்தான். உள்ளே தொலைக்காட்சியில் அவன் பேசுவது கேட்டது. ஒவ்வொரு முறை பேச்சு நின்றதும் அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டான். இது பொய் என்று யாராவது எழுத வேண்டும் என்று நினைத்தான். பத்துப் பேர் எழுதினால் போதும். அய்யாக்கண்ணுவும் அப்படியே நினைத்துவிடலாம்.

மாலையில் தனுஜா கைப்பேசியைக் கொண்டு வந்து முகநூலில் எழுதியிருந்ததை வாசித்தாள். கூலிமிலிருந்து ஒருவர், தன் கடையில் வேலை செய்கிறவர் பாதியில் எழுந்து போய்விட்டார் என்று எழுதியிருந்தார். மறுமுனையில் நிஜமாகவே ஓர் ஆள் இருப்பதுபோல் இருந்தது என்று ஒரு பெண். எல்லாவற்றுக்கும் மேலே, ஐந்நூறு பேர் விருப்பம் தெரிவித்திருந்த ஒரு பதிவு. உள்ளூர் நடிகர்கள் இத்தனை பேர் வாய்ப்பில்லாமல் இருக்கும்போது எதற்காக இந்தியாவிலிருந்து ஆள் கொண்டு வருகிறீர்கள், இது நியாயமா என்று கேட்டிருந்தது.

தனுஜாவுக்குச் சிரிப்பு வந்தது. அவன் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

கேண்டீனில் அவனை நடுமேசையில் உட்கார வைத்தார்கள். போன வருடம் கேலி செய்தவரே கோழித்துண்டை எடுத்து அவன் தட்டில் வைத்தார். கிஷன் தலைகுனிந்து சாப்பிட்டான். பாயின் கடைப்பக்கம் எட்டு நாள் போகவில்லை. ஒன்பதாம் நாள் ஷேக் அலாவுதீன் கூப்பிட்டார்.

"என்னப்பா, பெரிய நடிகனாயிட்டா சோறு இறங்காதோ? அய்யாக்கண்ணு உன்னைத்தான் கேட்டுக்கிட்டு இருக்கான். தினம் கேக்குறான். வந்துட்டுப் போ."

போனான். கல்லாவைத் தாண்டும்போது பாய் அவனை நிறுத்தி, கையைப் பிடித்துக் குலுக்கினார். நாடகம் ஓடியபோது கடைப் பையன்கள் டிவியையும் அய்யாக்கண்ணுவையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்களாம். பாதியில் பரோட்டா கருகிவிட்டதாம். நீயே அய்யாக்கண்ணு, அவன் டூப்பு என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, பின்பக்கம் இருக்கிறான் போ என்றார்.

சந்தில் அய்யாக்கண்ணு இன்னொரு முக்காலியை ஏற்கெனவே போட்டு வைத்திருந்தார். கிஷன் உட்கார்ந்தான். பசியாறியாச்சா என்று கேட்டார். ஆச்சு என்றான். உரித்த வெங்காயத்தைத் தண்ணீரில் போட்டார்.

"நல்லா பண்ணியிருக்கீக தம்பி. அப்படியே எங்க பக்கத்துப் பேச்சு."

கிஷன் வாயைத் திறந்தான். அவர் கத்தி பிடித்த கையை லேசாக உயர்த்தி வேண்டாம் என்றார்.

"கோவமெல்லாம் இல்ல. பசங்க போன்ல எடுத்துக் குடுத்தாக, அதுக்கப்புறமும் நாலு வாட்டி பாத்தேன். வசனம் வேற. கதையில வர்ற பொம்பளையும் வேற. ஆனா நீங்க எங்கெங்க நிறுத்துறீகன்னு எனக்குத் தெரியும். நீங்க நிறுத்துன எடத்துலல்லாம் அவ பேசுனா."

கிஷன் வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சும்மா கேட்டு அப்படி நிறுத்த முடியாது. பதிஞ்சு வச்சுத்தேன் பழகியிருப்பீக. இல்லையா?"

கிஷன் தலையசைத்தான்.

அய்யாக்கண்ணுவின் முகம் மாறியது. அவர் கத்தியைக் கீழே வைத்தார். இரண்டு கையையும் துண்டில் துடைத்தார், விரல் விரலாகத் துடைத்தார். பிறகு மெதுவாக, பக்கத்து வீட்டில் யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோலச் சொன்னார். அவள் சொன்னதெல்லாம் ஒன்றுவிடாமல் நினைவிருக்கிறதாம். ராத்திரி படுத்துக்கொண்டு வரிசையாகச் சொல்லிப் பார்ப்பாராம். ஆனால் எல்லாம் அவருடைய குரலிலேயே வருகிறது. அவளுடையது வரவே மாட்டேன் என்கிறது. நாடகத்தைப் பார்த்த அன்றைக்குத்தான் இந்த மூன்று மாதத்தில் முதல்முறையாகத் தூங்கினாராம், எங்கேயோ அது பத்திரமாக இருக்கிறது என்று.

சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்துத் துடைத்து, அவனிடம் நீட்டினார்.

"இதுலயே ஏத்திக் குடுங்க. இடம் பத்தலைன்னா இருக்கிறதையெல்லாம் அழிச்சிருங்க, பரவால்ல. எத்தன நாளு இருக்கு தம்பி, அவ பேச்சு?"